வெங்காயத்துக்குச் சூத்திரம் இல்லை

அப்பாவிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. நான் ஓ.எல். படிக்கும்போது வாங்கிப் பாதியில் விட்டது. மிச்சப் பக்கங்களில் அவர் தோட்டக் கணக்கு எழுதுகிறார். இடப்பக்கம் இறைத்த நாள், வலப்பக்கம் எண்ணெய்ச் செலவு. 2022 மே மாதத்தில் ஒரு வரி: மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாய். அதற்கடுத்த வரி ஓகஸ்ட் 22: லீற்றர் 340 ரூபாய். அந்த 340ஐச் சுற்றி ஒரு வட்டம். இரண்டு வரிகளுக்கும் நடுவில் ஒன்றும் எழுதப்படவில்லை. அந்த மூன்று மாதமும் செற்றில் எண்ணெயே இல்லை, எழுதுவதற்கு என்ன இருக்கிறது?

ஒரே இரவில் 253 ரூபாய். இதை ஏற்றியவர்களுக்கு நாங்கள் எப்போது வாக்குப் போட்டோம் என்று அன்றைக்கு எனக்கு வந்த கேள்வி இன்னும் போகவில்லை. ஜனாதிபதி மாறிவிட்டார், பாராளுமன்றம் மாறிவிட்டது, கேள்வி மட்டும் அப்படியே கிடக்கிறது.

தோட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. (வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. மாரியில் மட்டும்தான் அது ஆறு.) சுண்ணக்கல்லுக்கு மேல் செம்மண், செம்மண்ணில் கிணறு, கிணற்றடியில் ஒரு இறைப்பு மெஷின். பெற்றோலில் ஸ்ரார்ட் பண்ணி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவது. சின்ன வெங்காயம் அறுபது எழுபது நாள் பயிர். மூன்று நாளைக்கு ஒருக்கால் தண்ணீர் காட்ட வேணும். எங்கள் நாலு பரப்புக்கு ஒரு இறைப்புக்கு மூன்று லீற்றர் போகும். இருபது இறைப்பென்றால் அறுபது லீற்றர். 5,220 ரூபாய் முடிந்த செலவு 20,400 ஆனது. தண்ணீருக்கு மட்டும். விதை வெங்காயம், கூலி, மருந்து, பசளை எல்லாம் வேறு.

"மோட்டர் போடலாமே?" என்று கொழும்பு நண்பர்கள் கேட்பார்கள். போடலாம். போட்டவர்களும் இருக்கிறார்கள். எங்கள் தோட்டக் கிணற்றுக்கு லைன் இழுக்க நாலு போஸ்ற் வேணும், அந்தச் செலவு எங்கள் தலையில். அதுவும் போகட்டும். மோட்டர் போட்ட பக்கத்துத் தோட்டத்து மாமா 2023 மாசியில் வந்த பில்லைக் கொண்டுவந்து அப்பாவிடம் காட்டி, "நீ தப்பினாய்" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முதல் பசளை.

2019 ஜனாதிபதித் தேர்தலில் கோட்டாபய ராஜபக்ஷ வைத்த விஞ்ஞாபனத்தில் பசளை இலவசம் என்று இருந்தது. பத்து வருடத்தில் நாடு சேதன விவசாயத்துக்கு மாறும் என்றும் இருந்தது. பத்து வருடம். 2021 மே 6ஆம் திகதி வர்த்தமானி வந்தது: இரசாயனப் பசளை, பூச்சிமருந்து இறக்குமதிக்குத் தடை. பத்து வருடம் பதினெட்டு மாதத்துக்குள் சுருங்கிவிட்டது. டொலர் இல்லை என்பதுதான் உள்விஷயம். அதை வெளியே சொல்ல வெட்கப்பட்டு, மண்ணின் ஆரோக்கியம் என்று பெயர் வைத்தார்கள்.

இயற்கை விவசாயம் பற்றி அழகான காணொளிகள் பகிர்கிற நண்பர்களோடு எனக்கு இங்கேதான் சண்டை. "முடிவு சரி, நடைமுறைதான் பிழை" என்று அவர்கள் இன்றைக்கும் எழுதுகிறார்கள். மறுபக்கம், "பார்த்தீர்களா, யூரியா இல்லாமல் ஒன்றும் விளையாது, கமக்காரனுக்கு இயற்கைப் பசளை போடத் தெரியாது" என்று ஒரு கோஷ்டி. இரண்டு பேருக்கும் அப்பாவைத் தெரியாது. பூவரசங்குழை வெட்டித் தாழ்க்கிறது, மாட்டெரு பரப்புகிறது, வயலில் ஆட்டுப்பட்டி அடைக்கிறது எல்லாம் எங்கள் ஆட்களுக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித் தரவேண்டிய விஷயமில்லை. எரு எவ்வளவு வேணும், அந்தளவு எரு ஊரில் இருக்கிறதா என்பதும் அவர்களுக்குத் தெரியும். இல்லை என்பதுதான் பதில். யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

தவிர, யூரியாத் தடை எங்களுக்கு இரண்டாந்தரம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்தபோது யூரியா வராது. அதில் வெடிமருந்து செய்யலாமாம். மண்ணெண்ணெய்க்குக் கட்டுப்பாடு, பற்றறி இல்லை. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் ஒரு தலைமுறை படித்தது. அந்த எண்ணெயில் மிச்சம் பிடித்துத்தான் கிணறும் இறைத்தார்கள். 2021இல் தடைச் செய்தி வந்த இரவு அப்பாச்சி ஒன்றுதான் கேட்டா: "இந்த முறை ஆர் குண்டு செய்யிறாங்களாம்?"

சிரித்தோம். பிறகு காலபோகம் வந்தது, சிரிப்பு நின்றது. நாடு முழுக்க நெல் விளைச்சல் முந்திய காலபோகத்தைவிட மூன்றில் ஒன்றுக்கு மேல் விழுந்தது. நடுவில் நடந்த கூத்துகள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். சீனாவில் இருந்து ஒரு கப்பல் சேதனப் பசளை வந்தது, அதில் கிருமி இருக்கிறதென்று இறக்கவிடவில்லை, ஆனால் 2022 தையில் அறுபது இலட்சம் டொலருக்கு மேல் காசு கட்டியாயிற்று. இறக்காத பசளைக்கு. இந்தியாவிலிருந்து நனோ யூரியாத் திரவம் விமானத்தில் வந்திறங்கியது. கார்த்திகையில் தடை போய்விட்டது. ஆனால் பசளை வரவில்லை. வாங்க டொலர் இல்லை. 2022 நடுப்பகுதியில் வெளியில் ஒரு மூடை யூரியா 40,000 ரூபாய்வரை போனது. அரசாங்கம் நெல் விவசாயிகளுக்கு 40 பில்லியன் ரூபாய் நட்டஈடு அறிவித்தது. நெல்லுக்கு. வெங்காயம், மிளகாய், பீற்றூட் போட்டவன் அந்த அறிவிப்பைப் பேப்பரில் வாசித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தான்.

சரி, இனி வாக்குக்கு வருவோம்.

2019இல் யாழ் மாவட்டத்தில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல் கோட்டாபயவுக்கு எதிராக நின்றவருக்குத்தான் போட்டார்கள். ஆகவே பசளைத் தடை எங்கள் தேர்வில்லை. அது தோற்றவர்களின் விதி, சனநாயகத்தில் சகஜம் என்று வைத்துக்கொள்வோம். 2022 ஆடியில் சனம் தெருவில் இறங்கி அவரை அனுப்பியது. ஆடி 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் 134 பேர் கை கொடுத்து ரணில் விக்கிரமசிங்க ஜனாதிபதியானார். 2020 பொதுத்தேர்தலில் தன் ஆசனத்தையே இழந்து, தேசியப் பட்டியலில் கட்சிக்குக் கிடைத்த ஒரே இடத்தில் உள்ளே வந்தவர். அவர் ஜனாதிபதியாகி ஒரு மாதத்தில் மண்ணெண்ணெய் 340. அதே ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரி 75 வீதம் கூடியது. 2023 பெப்ரவரி 16ஆம் திகதி இன்னும் 66 வீதம்.

அடுத்த மாதம், மார்ச் 9, உள்ளூராட்சித் தேர்தல் நடக்க இருந்தது. நடக்கவில்லை. காசு இல்லை என்றார்கள். அது நடந்தது 2025 மே 6ஆம் திகதி.

இந்த வரிசையைத்தான் நான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், நண்பர்களுக்கு அலுத்துவிட்டது. விலையை ஏற்றியவர் எங்களிடம் வாக்குக் கேட்டு அந்தக் கதிரைக்கு வரவில்லை. ஏற்றிய கையோடு, பதில் சொல்ல எங்களுக்கு இருந்த ஒரே நாளையும் எடுத்துவிட்டார்கள். அரசாங்கத்தின் மேல் கோபம் என்பதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? பிரதேச சபைக்குப் போடுகிற வாக்கால் கரண்ட் பில் குறையாது என்று எனக்கும் தெரியும். ஆனால் கோபத்துக்கு ஒரு பெட்டியாவது வேண்டும்.

பில்லைப் பார்ப்போம். அப்பாச்சி எங்கள் வளவிலேயே தனி வீட்டில் இருக்கிறா. இரண்டு பல்ப், ஒரு ஃபான், ஒரு ரேடியோ. மாதம் முப்பது யூனிற் தாண்டாது. பழைய கணக்கில் யூனிற் 2.50, நிலையான கட்டணம் 30, மொத்தம் 105 ரூபாய். ஓகஸ்டில் யூனிற் 8, நிலையான கட்டணம் 120, மொத்தம் 360. பெப்ரவரியில் யூனிற் 30, நிலையான கட்டணம் 400, மொத்தம் 1,300. ஆறு மாதத்தில் பன்னிரண்டு மடங்கு. சராசரி 75, சராசரி 66 என்று செய்தியில் சொன்னார்கள் அல்லவா? சராசரி என்ற சொல்லுக்கு அடியில் அப்பாச்சி இருந்தா. 2023இல் நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேல் மின்னிணைப்புகள் துண்டிக்கப்பட்டன. ஒருவருடைய லைன் இரண்டு தரம் வெட்டப்பட்டிருக்கலாம், கணக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படிக் குறைத்தாலும் அது ஒரு பெரிய இருட்டு.

இந்த 66 வீதத்தை ஒருவர் எதிர்த்தார். பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவின் தலைவர். கட்டணம் கூட்டலாமா கூடாதா என்று பார்ப்பதற்கென்றே சட்டப்படி இருக்கிற ஆணைக்குழு அது. 2023 மே 24ஆம் திகதி பாராளுமன்றம் 123க்கு 77 என்று வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து தூக்கியது. அவரை நான் தியாகியாக்கவில்லை, அவருடைய காரணங்கள் அவருக்கு. ஆனால் காட்சி தெளிவாக இருக்கிறது: விலையைக் கேள்வி கேட்கும் நாற்காலி ஒன்று இருந்தது, அதில் இருந்தவர் கேள்வி கேட்டார், அவரை எழுப்பிவிட்டார்கள்.

இனி, பொருளாதாரம் படித்த நண்பன் ஒருவன் இந்த இடத்தில் வழக்கமாகக் குறுக்கிடுவான். அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது, அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடம் மின்கட்டணத்தைக் கூட்டாமல் வைத்திருந்தார்கள், நட்டம் மலைபோல் குவிந்தது. அடிவிலைக்கு மின்சாரம் கொடுத்தால் அப்பாச்சியின் இரண்டு பல்புக்கும் போகும், கொழும்பு ஏழில் ஆறு ஏ.ஸி.க்கும் போகும். 87 ரூபாய் மண்ணெண்ணெயில் பஸ்காரன் டீசல் கலந்தான், தொழிற்சாலைக்காரன் அடுப்பெரித்தான். விலை குறைவு, ஆனால் சாமான் இல்லை. அப்பாவின் கொப்பியில் மே மாதத்துக்கும் ஓகஸ்டுக்கும் நடுவில் இருக்கிற வெற்றிடம் அந்த மலிவு விலையின் விளைச்சல்தான். செலவுக்கேற்ற விலை வைத்தால்தான் எண்ணெய் வரும். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் ஒப்புக்கொண்ட ஏறக்குறைய மூன்று பில்லியன் டொலருக்கு அதுதான் நிபந்தனை. அதற்குத்தான் விலைச் சூத்திரம்.

ஒத்துக்கொள்கிறேன். ஒரு சொல் விடாமல் ஒத்துக்கொள்கிறேன். எண்ணெய்க்குச் செலவுக்கேற்ற விலை. மின்சாரத்துக்குச் செலவுக்கேற்ற விலை.

வெங்காயத்துக்கு?

என்னுடைய சண்டை முழுக்க இந்த ஒரு இடத்தில்தான். எண்ணெயின் கொள்விலை, கப்பல் கூலி, வரி எல்லாம் கூட்டி ஒவ்வொரு மாதக் கடைசி இரவிலும் ஒரு விலை வருகிறது. கூட்டுத்தாபனம் நட்டப்படக் கூடாது. மின்சார சபை நட்டப்படக் கூடாது. அந்த இரண்டையும் வாங்கிக் கிணற்றில் இருந்து தண்ணீரை மேலே கொண்டுவருகிறவனுடைய செலவு மட்டும் யாருடைய விலையிலும் பிரதிபலிக்காது. அவன் வெங்காயத்தைச் சந்தைக்குக் கொண்டுபோனால் அங்கே சூத்திரம் இல்லை. தரகுக்காரர் கையால் அள்ளிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொல்வார். அந்தக் கிழமை வெளிநாட்டு வெங்காயம் இறங்கியிருந்தால் அதற்குக் கீழே இன்னொரு விலை. செலவு உலகச் சந்தையோடு ஏறும், வரவு உள்ளூர்ச் சந்தையில் இறங்கும். நடுவில் நிற்கிறவனைச் 'சீர்திருத்தத்தின் பயனாளி' என்று அறிக்கையில் எழுதுவார்கள்.

செலவு என்று எதைச் சொல்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். சுன்னாகத்தை நினைத்துப்பாருங்கள். யாழ்ப்பாணத்துக்குக் கரண்ட் தந்த எண்ணெய் மின்நிலையத்தின் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, கிணறுகளில் எண்ணெய் படர்ந்தது. வழக்கு நடந்து 2019இல் உயர் நீதிமன்றம் 20 மில்லியன் ரூபாய் நட்டஈடு கட்டச் சொன்னது. வழக்குப் போட ஆளிருந்ததால் அது தெரியவந்தது. அதுவரை ஒரு யூனிற்றின் விலைக்குள் அந்தக் கிணறுகள் எங்கே இருந்தன?

நெல்லுக்காவது பெயருக்கு ஒரு விலை சொல்கிறார்கள். 2025இல் நாடு கிலோ 120, சம்பா 125, கீரிச்சம்பா 132 என்று அறிவித்தார்கள். எப்போது? பெப்ரவரி 5ஆம் திகதி. கிழக்கில் வெட்டுத் தொடங்கிவிட்ட பிறகு. கடன் வாங்கி விதைத்தவன் கதிர் சாய்ந்தபின் விலையைக் காத்துக்கொண்டு களத்தில் நிற்க மாட்டான். ஈர நெல்லை வந்த விலைக்குத் தள்ளிவிடுவான். ஹெக்டேயருக்கு 25,000 ரூபாய் பசளைக் காசு கொடுத்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் விலையை விதைப்புக்கு முதல் சொல்வதற்குக் காசே தேவையில்லை.

அப்பப்பா இருந்த காலத்தில் ஶ்ரீமாவோ ஆட்சியைப் பற்றி ஒரு கதை ஓயாமல் சொல்வார். மிளகாய், வெங்காய இறக்குமதியை நிறுத்தியதால் எழுபதுகளின் தொடக்கத்தில் எங்கள் செம்மண் ஊர்களில் காசு புழங்கியது. கல்வீடுகள் எழும்பின. நாடு முழுக்கச் சனம் பாணுக்கு வரிசையில் நின்றதும் அதே காலம்தான், அதை அவர் சொல்லமாட்டார். 1977இல் ஜே.ஆர். கதவைத் திறந்தார், விலை விழுந்தது. பொற்காலம் என்று அப்பப்பா சொன்னதை நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதையில் நான் கவனிப்பது வேறொன்று. வந்த நன்மையும் கேட்காமல் வந்தது, போனபோதும் கேட்காமல் போனது. கொழும்பில் ஒருவர் கையெழுத்துப் போட்டால் எங்கள் ஊரில் வீடு எழும்பும், இன்னொருவர் போட்டால் கூரை பாதியில் நிற்கும். இரண்டு வேளையிலும் தோட்டக்காரன் பேப்பர் பார்த்துத்தான் தெரிந்துகொண்டான்.

2024க்கு வருகிறேன். செப்டெம்பரில் அனுர குமார திசாநாயக்கவுக்கு யாழ் மாவட்டத்தில் பத்தில் ஒருவர்கூடப் போடவில்லை. நவம்பரில் அதே மாவட்டத்தில் ஆறு ஆசனங்களில் மூன்று அவருடைய கட்சிக்கு. இது தமிழ்த் தேசியத்தின் தோல்வியா, தெற்கின் வெற்றியா என்று இந்த மாதிரி இதழ்களில் ஆயிரம் பக்கம் எழுதியாயிற்று. எங்கள் வீட்டில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். அப்பா வாழ்க்கையில் முதல்தடவை வழக்கமான சின்னத்தை விட்டுவிட்டு வேறு புள்ளடி போட்டார். ஏனென்று கேட்டேன். "தோட்டம் செய்யிற ஆக்களின்ர பெடியள் அங்க இருக்கிறாங்களாம். எண்ணெய் விலை விளங்கும்" என்றார். அவ்வளவுதான் அவருடைய அரசியல் ஆய்வு. அதைவிட நேர்மையான ஆய்வை நான் எங்கும் வாசிக்கவில்லை.

விலை குறையவில்லையா? குறைந்தது. மின்கட்டணம் 2024 மார்ச்சிலேயே குறையத் தொடங்கியது, நல்ல மழை, நீர்மின்சாரம். 2025 ஜனவரியில் 20 வீதம் குறைத்தார்கள். மண்ணெண்ணெய் அப்போது 190க்குக் கீழே வந்திருந்தது, அது பழைய விலையின் இரண்டு மடங்கு என்றாலும். பிறகு ஏப்ரலில் நாணய நிதியத்தோடு பேச்சு, செலவுக்கேற்ற கட்டணத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நிபந்தனை. மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தல். ஜூன் 12ஆம் திகதி மின்கட்டணம் 15 வீதம் கூடியது. இந்த மூன்றையும் இந்த ஒழுங்கில் எழுதினால் எனக்குக் கட்சிச் சாயம் பூசுவார்கள். பூசட்டும். 2023இல் தேர்தலுக்கு முதல் கட்டணம் கூடியது, தேர்தல் போனது. 2025இல் தேர்தல் முடிந்தது, கட்டணம் கூடியது. எதிர்க்கட்சியாக இருந்தபோது இதே சூத்திரத்தை இவர்கள் என்ன பேசினார்கள் என்று முகநூலில் தேடினால் இன்னும் கிடக்கிறது.

இவர்கள் துரோகிகள் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அடுத்த தேர்தலில் வேறொரு நல்ல மனிதரைத் தேடிப்போவோம், அவ்வளவுதான். விலை இப்போது வாக்குக்கு எட்டாத ஒரு தட்டில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கிறது. கீழே ஆட்கள் மாறுகிறார்கள். கேட்டால் "சூத்திரப்படி" என்கிறார்கள், மழை பெய்ததற்கு யாரைக் கேட்பது என்பதுபோல. ஆனால் மழையை யாரும் பாராளுமன்றத்தில் 123 வாக்குப் போட்டுக் கொண்டுவரவில்லை.

எனக்குத் திரும்பவும் 87 ரூபாய் எண்ணெய் வேண்டாம். நான் கேட்பது சின்ன விஷயம், அதனால்தான் அது நடக்காமல் இருப்பது எரிச்சலாக இருக்கிறது. வெங்காயம் நடுவதற்கு முதல், அறுவடை மாதத்தில் இறக்குமதி வரி என்னவாக இருக்கும் என்று சொல்லுங்கள், சொன்னதை மாற்றாதீர்கள். அறுபது நாள் பயிருக்கு அறுபது நாள் உறுதி. நெல் விலையை விதைப்புக்கு முதல் சொல்லுங்கள். இறைப்புக்கு என்று தனி எண்ணெய் விலை, தனி மின்கட்டணம் வைத்து, அந்தச் செலவை வரவுசெலவுத் திட்டத்தில் எல்லாருக்கும் தெரிய எழுதுங்கள். கமநல சேவை நிலையத்தில் எங்கள் பதிவு இருக்கிறது, யாருக்கு எத்தனை பரப்பு என்று இருக்கிறது, 2022இல் எண்ணெயைப் பங்கிட்டுக் கொடுக்க அந்தப் பதிவுதானே பயன்பட்டது? வரிசையில் நிற்கவைக்க உதவிய பட்டியல் விலை குறைக்க மட்டும் ஏன் உதவாது?

மாதக் கடைசி நாட்களில் அப்பாவுக்கு ஒரு பழக்கம் வந்திருக்கிறது. பின்னேரம் நாலு மணிக்கே ரேடியோவைத் திருப்பிக்கொண்டிருப்பார். விலை கூடும்போலக் கதை அடிபட்டால் மெஷினடியில் கிடக்கிற இரண்டு கானையும் எடுத்து என்னுடைய மோட்டார் சைக்கிளில் கட்டிவிடுவார். போனமுறை நான் லீவில் வீட்டில் நின்றேன். எட்டு மணிபோலச் செற்றுக்குப் போனால் எனக்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பேர், எல்லாரும் எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டக்காரர்தான். பம்படியில் நின்ற பெடியன் கையை விரித்தான்.

"எண்ணெய் முடிஞ்சுது அண்ணை. விடிய வாங்கோ."

டாங்கி நிறைய இருந்ததென்று எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முன்னால் நின்ற ஐயா தன் வெறுங்கானைத் திரும்பச் சைக்கிளில் கட்டிக்கொண்டே, "விடியவும் இதே எண்ணெய்தானே தம்பி?" என்று மட்டும் கேட்டார்.